தேய்ந்த முளையும் தேயாத அளவும்

யந்திரம் ஒன்று பழுதுபட்டால் கடைக்குச் சென்று உரிய உறுப்பை வாங்கிப் பொருத்துகிறோம். அத்துடன் நம் கவலை தீர்கிறது. ஆனால் அவ்வுறுப்பைச் செய்வோரே இல்லாமற் போனால் என் செய்வது? யந்திரத்தைப் பழைய இரும்பென்று எடைக்குப் போடுவதா, அன்றி இல்லாத உறுப்பை நாமே ஆக்கிக்கொள்வதா? இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டுத் தோட்ட டிராக்டர்கள் நல்லதொரு விடை தருகின்றன. இத்திங்கள் அதனைச் சிறிது ஆராய்வோம்.

தோட்ட டிராக்டர் என்பது வயல் உழும் பெரிய டிராக்டரின் இளவல். வீட்டைச் சுற்றியுள்ள புல்லை வெட்டவும், காய்கறிப் பாத்தியை உழவும், குளிர்காலத்தில் வாசற் பனியைத் தள்ளவும் அந்நாட்டுக் குடும்பங்கள் இதனைப் பயன்படுத்துகின்றன. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டில், கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலிருந்த தன் தொழிற்சாலையில் ‘கப் கேடட்’ என்னும் தோட்ட டிராக்டரைச் செய்யத் தொடங்கிற்று. அதற்கு 7 குதிரைச் சக்தியுள்ள கோலர் எஞ்சின், ஒரே சிலிண்டர், காற்றினால் குளிர்வது, வார்ப்பிரும்பு உடல். 1981-இல் இத்தொழில் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆயினும் முதல் வண்டிகளுக்குரிய உறுப்புகள் பலவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அகப்படாதவற்றை அவ்வண்டிகளின்மேல் அன்புடையோர் கடைந்தும் வார்த்தும் ஆக்கிக்கொள்கின்றனர்.

அவ்வேலை எத்தகையது என்பதை ஓர் உறுப்பைக் கொண்டே காணலாம். வண்டியின் முன் அச்சு, நடுவில் ஒரு முளையின்மேல் ஊசலாடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆடியதால் முளை மெலிகிறது. அது நிற்கும் துளையும் வட்டம் கெட்டு நீள்கிறது. அப்போது முன் சக்கரங்கள் தள்ளாடும். வண்டி கையின் சொல்லைக் கேளாது. இதற்குப் புதிய முளை மட்டும் போதாது. துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அதனுள் வெண்கலப் புஷ் ஒன்றை இறுக்கமாகச் செலுத்தி, பின்னர் எஃகு முளையை இட வேண்டும். மென்மையான உலோகத்தில் புஷ் செய்வது ஏன்? இனித் தேய்வது மலிவான புஷ்ஷாக இருக்கட்டும், அரிய அச்சு பிழைக்கட்டும் என்பதே அதன் கருத்து.

ஆனால் முதலில் அளவு தெரிய வேண்டுமே! தேய்ந்த முளையை அளந்து அவ்வாறே கடைந்தால், புதிய முளையும் தேய்ந்த முளையாகவே பிறக்கும். ஆதலின் கைதேர்ந்தவர் உராய்வு படாத இடத்தைத் தேடுகின்றனர். முளையின் கோடியில், எதனோடும் உரசாமல் மறைந்திருந்த பகுதியில், தொழிற்சாலை வைத்த அளவு அப்படியே நிற்கும். மைக்ரோமீட்டரை அங்கே வைத்து அளந்து, அவ்வளவைத் தாளில் குறித்துக்கொள்வர்.

வார்ப்பிலும் இவ்வாறே ஒரு நுட்பம் உண்டு. உடைந்த உறுப்பை ஒட்டவைத்து, மணலில் அதையே பதித்து வார்த்தால், வரும் உறுப்பு சிறுத்துவிடும். வார்ப்பிரும்பு குளிர்ந்து இறுகும்போது அடிக்கு ஏறத்தாழ 1/8 அங்குலம் சுருங்குவதே காரணம். ஆகவே மர மாதிரியை அதற்கேற்பப் பெரிதாகச் செய்தல் வேண்டும்; கடைந்து கழிக்க வேண்டிய இடங்களில் இன்னும் சிறிது கூட்ட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கடைந்தெடுத்த உறுப்பு பளபளப்பதனாலேயே வலிமை உடையதாகிவிடாது. மூடியோ கைப்பிடியோ முறிந்தால் வேலை நிற்கும். திருப்பும் கோலோ பிரேக்கோ முறிந்தால் உயிர் போகும். அவற்றை இன்ன எஃகென்று அறியாத துண்டிலிருந்து செய்வது அறிவுடைமையன்று. எதைத் தானே செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று பிரித்தறிவதும் தொழில் அறிவில் ஒரு பகுதியே.

இது ஏதோ கடல் கடந்த நாட்டின் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் எண்ண வேண்டா. அதே இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1963-இல் மஹிந்திரா, வோல்டாஸ் ஆகிய நிறுவனங்களுடன் கூடி நம் நாட்டிலும் டிராக்டர் தொழில் தொடங்கியது. பழைய டிராக்டரும் பம்பு செட்டும் நம் ஊர்களில் நெடுநாள் உழைப்பதற்கு லேத் பட்டறைகள் பெருங்காரணம். கோயம்புத்தூரின் வார்ப்படச் சாலைகளையும் கடைசல் பட்டறைகளையும் நாம் அறிவோம். அங்குள்ள கைத்திறன் யாருக்கும் இளைத்ததன்று. ஆனால் பட்டறைகள் பலவற்றில் அளவு மேஸ்திரியின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றாலோ ஊர் மாறினாலோ அளவும் அவருடன் போய்விடுகிறது. மேற்சொன்ன டிராக்டர் அன்பர்களிடம் நாம் கற்க வேண்டியது கடைசலன்று. படம் வரைந்து, அளவைக் குறித்து, அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் பழக்கமே.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதனால் நேரான பயன் உண்டு. ஊரிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்த மாவரைக்கும் கிரைண்டர் எத்தனை வீடுகளில், ஒரு சிறு புஷ் கிடைக்காமையால், மூலையில் முடங்கிக் கிடக்கிறது! அதன் உறுப்பு இங்குள்ள கடையில் இராது. ஆனால் லேத் பட்டறை எல்லா நகரங்களிலும் உண்டு. கிரைண்டரைப் பிரிக்க நேரும் அன்று, பட்டறைக்காரரைக் கொண்டே தேயாத இடத்தை அளக்கச் செய்து, வீட்டுக் குறிப்பேட்டில் படத்துடன் எழுதிவைத்தல் நலம். எழுதும் வேலையைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளிடமே விடலாம். பழைய உறுப்பையும் எறிந்துவிடாமல், சிறு பையிலிட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். நாளை அந்த யந்திரத்தைச் செய்த நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம் வீட்டுக் கல் சுழலும்.