வலிக்காத வீக்கமும் தங்கச் சங்கிலியும்

காதுக்குக் கீழே வீங்கினால் நம் வீடுகளில் முதலில் என்ன செய்வோம்? பாட்டி தங்கச் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுவிடுவார். பொன்னுக்கு வீங்கி என்றால் சரி. சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் பெரும்பாலும் பத்து நாளில் வடிந்துவிடும்.

ஆனால் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஒரு பக்கம் மட்டும் கோலிக்குண்டு போல உருள்கிறது, மூன்று வாரமாகியும் அப்படியே இருக்கிறது என்றால் அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியாக இருக்கலாம். “வலிக்கவில்லையே” என்று வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

இது அரிதான நோய். காதோரச் சுரப்பியில் வரும் கட்டிகளில் சுமார் 80 விழுக்காடு புற்றுநோய் அல்ல. தாடைக்கு அடியில் வந்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சாதாரணக் கட்டியும் பல வருடம் கிடந்தால் புற்றாக மாறக்கூடும். முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு மெல்லிய ஊசியால் சில அணுக்களை எடுத்துச் சோதனை, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. கட்டியைக் கீறிப் பார்ப்பதோ பிதுக்குவதோ கூடாது. அதன் உறை கிழிந்து அணுக்கள் சிதறினால் மீண்டும் முளைக்கும்.

“ஆப்பரேஷன் செய்தால் வாய் கோணிவிடும்” என்பதுதான் பலருடைய பயம். காரணமில்லாத பயமல்ல. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளையாகப் பிரிகிறது. அதனால் மருத்துவர் முதலில் நரம்பைக் கண்டுபிடித்து ஒதுக்கிக்கொண்டுதான் கட்டியை எடுப்பார். சிலருக்கு முகம் தளர்ந்து, சில மாதங்களில் சரியாகும். ஆனால் ஆப்பரேஷனுக்கு முன்பே கட்டியோடு முகமும் கோணினால், அது புற்றுநோயின் அறிகுறி. ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் டோனி குவினுக்கு 1997, 2007 ஆகிய ஆண்டுகளில் எடுத்த கட்டிகள் புற்றல்ல. 2010இல் அதே சுரப்பியில் புற்று கண்டுபிடிக்கப்பட்டது; 2014இல் 54 வயதில் இறந்தார். கட்டியை எடுத்த பிறகும் தொடர்ந்து பரிசோதனைக்குப் போவது அதனால்தான் அவசியம்.

காப்பாரில் இருப்பவர்கள் வெகுதூரம் அலைய வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி மருத்துவரைப் பாருங்கள். தேவையென்றால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்.

பாட்டி போட்ட சங்கிலி கழுத்தில் இருக்கட்டும். அதோடு கிளினிக்குக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.