அழகுதான், ஆனா வேலியோரம் வேணாம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்ல. வெல்வெட் துணி மாதிரி இலை இருக்கற கலஞ்சோ பெஹரென்சிஸ் இங்க ஜம்முனு வரும்னு வாங்கி நட்டேன். பெரம்பலூர் கரிசல் மண்ணு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். வேர் அழுகிப் போச்சு. இப்ப மணல் கலந்த தொட்டியில, மண் நல்லா காய்ஞ்சாத்தான் தண்ணி.

பூர்வீகம் மடகாஸ்கர். ஆள் உயரத்தையும் தாண்டும். சின்ன வயசுல புத்தகத்துக்குள்ள வெச்சு குட்டி போட வெச்சோமே ரணகள்ளி, அதுக்குச் சொந்தம். இந்த வகையறால ஆடு மாடோட இதயத்தைப் பாதிக்கிற விஷம் உண்டு. வேலியில வெச்சா, போற வர்ற ஆடு கடிக்காம விடுமா?

நம்ம ஊர்ல ஒரு ஆடுங்கறது ஒரு வீட்டோட சேமிப்புங்க. அழகு மொட்டை மாடியிலயே இருக்கட்டும். என்ன சொல்றீங்க?