வலி பொறுப்பது பெண் பிறப்பின் கடமையா?

மேடவாக்கத்திலாகட்டும், மதுரையிலாகட்டும், கருத்தடை ஆபரேஷனுக்குப் போகும் பெண்ணைப் பார்த்து, "பிள்ளை பெற்றவளுக்கு இதுவும் ஒரு வலியா?" என்று கேட்பது நம்மவர்களின் வழக்கமாயிருக்கின்றது. மாமியார் கேட்கிறாள், வெளியே மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருக்கும் புருஷனும் கேட்கிறான். பெண் பூமாதேவியைப்போல் பொறுப்பவள் என்று பட்டங்கட்டிய புராணம் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்துவிட்டதென்றே சொல்லுவோம்.

2022 நவம்பரில் பீகாரில் ககாரியா ஜில்லா அலௌலி ஆரம்ப சுகாதார நிலையத்தில், மரத்துப்போகும் ஊசியே போடாமல், கையையும் காலையும் பிடித்துக்கொண்டு தங்களை அறுத்ததாகப் பெண்கள் முறையிட்டார்கள். இதை யாரோ ஒரு டாக்டரின் கொடுமையென்று தள்ளிவிட நாம் தயாராயில்லை.

அடிவயிற்றில் சிறு கீறல் போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு லிக்னோகெயின் என்னும் மருந்தை அவ்விடத்தில் குத்துகின்றார்கள். அது அரிய சரக்கல்ல. பல் பிடுங்குகின்ற டாக்டரிடமும் இருக்கின்றது. ஆனால் குத்தியபின் சில நிமிஷம் காத்திருந்தால்தான் சதை மரக்கும். தோல் மரத்துவிட்டதாலேயே உள்ளேயிருக்கும் கருக்குழாய் மரத்துவிடாது. குழாயைப் பிடித்திழுத்துக் கட்டும்போதுதான் அவள் துடிக்கின்றாள். ஆதலால் முன்னதாகவே வலி தணிக்கும் ஊசி போடவேண்டும்; குழாயின்மேலும் மருந்தைச் சொட்டவேண்டும்; "இப்போது இழுக்கப்போகிறேன்" என்று அவளிடம் சொல்லவும் வேண்டும். மருந்தைவிட இதற்கெல்லாம் வேண்டியது நேரமேயாகும்.

அந்த நேரம் எங்கே? 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூரை அடுத்து நடந்த முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களை முடித்தார். அவ்வட்டார முகாம்களில் செய்துகொண்டவர்களில் குறைந்தது 13 பேர் மாண்டார்கள். மூன்று வருஷத்துக்குள் முகாம்களையே ஒழிக்கும்படி 2016இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. சாவை எண்ணினார்கள், சரி. அந்த 83 பேர் பட்ட வலியை எண்ணியவர் யார்?

நம் மாகாணக் கணக்கும் சொல்லுகின்றோம். 2019–21 தேசியக் குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்குச் சுமார் 58 பேர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டதோ 1000க்கு ஒன்று! இத்தனைக்கும் ஆண்களுக்கு வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை. சிறு துளையோடு போகும். பிரசவத்தையொட்டி முதுகில் ஊசி போட்டு ஒழுங்காகச் செய்யும் ஆஸ்பத்திரிகளும் இங்கே உண்டு. அவற்றை நாம் குறை கூறவில்லை.

மேடவாக்கம், தாம்பரம் பக்கத்துத் தோழர்கள் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, என்ன மருந்து, எப்பொழுது போடுவீர்கள், வலித்தால் நிறுத்துவீர்களா என்று இருவருமாகக் கேட்கட்டும். கேட்க வெட்கமாயிருக்கும் புருஷர்கள் அந்த மேஜையின்மேல் தாங்களே படுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.