முருங்கைக் கீரையும் சிவப்பு ஊசியும்

'ரத்தம் இல்ல, சத்து இல்ல.' இந்த ரெண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நம் ஜனங்களின் மொத்த நோயையும் பைசல் பண்ணிவிடுகிறார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் எந்தக் காலனிக்குப் போனாலும் பெண்கள் கையில் இரும்புச்சத்து மாத்திரை அட்டை இருக்கும். மயக்கமா, மாத்திரை. கால் மரத்துப்போகுதா, அதே மாத்திரை. மல்லாட்டைக் கொல்லையில் சுருண்டு விழுந்தாலும் அதே மாத்திரைதான். எல்லா ரத்தசோகையும் இரும்பு இல்லாமல் வருவதல்ல என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை.

எனக்கு வந்திருப்பது பெர்னிசியஸ் அனீமியா. வயிற்றின் உட்சுவரில் 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்றொரு புரதம் சுரக்கிறது. சாப்பாட்டிலுள்ள பி12 வைட்டமினைக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசிவரை கூட்டிக்கொண்டு போவது அதன் வேலை. இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, அதைச் சுரக்கும் செல்களைப் பகையாளி என்று நினைத்து அழித்துவிடுகிறது. அப்புறம் ஈரல் தின்றாலும் சுவரொட்டி தின்றாலும் போதுமான அளவு ஒட்டாது. ஊசியாகத்தான் ஏற்றணும். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் 1000 மைக்ரோகிராம், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, ஆயுசுக்கும். (மாத்திரையாகவே ரொம்ப அதிக அளவில் போட்டால் நூற்றில் ஒரு பங்கு வேறு வழியாகச் சேரும். அதுவும் உண்மைதான். ஆனால் நரம்பு வரை பாதித்துவிட்டால் ஊசிதான் முதல்.)

நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னால், கேஷ் கவுண்ட்டரில் நோட்டு எண்ணும்போது விரல் நுனி மதமதத்துப்போகும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நடந்திருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்: "கோட்டாவுல வந்தா இப்பிடித்தான், தூங்கி வழிவானுங்க." அவருக்கு முதுகு வலித்தால் வேலைப்பளு. எனக்குக் கால் தள்ளாடினால் சோம்பேறித்தனம், இல்லாவிட்டால் குடி. களைப்புக்குக்கூட இந்த நாட்டில் சாதி பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். நான் முதலில் பார்த்த தனியார் டாக்டர் இன்னும் ஒருபடி மேலே போனார். "நீங்கதான் மாட்டுக்கறி சாப்பிடுறவங்களாச்சே, ஒங்களுக்கு எப்பிடி பி12 கொறையும்?" பரிசோதனை எழுதித்தரவில்லை. என் தட்டைப் பார்த்தார், வயிற்றைப் பார்க்கவில்லை.

அந்த ஈரலின் கதையைக் கேளுங்கள். 1926 வரைக்கும் இந்த நோய் வந்தவர்கள் செத்துத்தான் போனார்கள். அந்த ஆண்டு பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள், சாகக் கிடந்தவர்களுக்குத் தினமும் அரை ராத்தல் வரை ஈரலைத் தின்னக் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தார்கள். நாய்களுக்கு ஈரல் கொடுத்து ஆய்வு செய்த விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த அந்தப் பொருளை 1948-இல் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதே 1948-இல்தான் தீண்டப்படாதவர்கள் யார், எப்படித் தீண்டப்படாதவர்கள் ஆனார்கள் என்று அம்பேத்கர் புத்தகம் எழுதி, மாட்டிறைச்சியை அந்த விலக்கலின் வேரில் வைத்துக் காட்டினார். எதைத் தின்றதற்காக நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்களோ, அதைத் தின்னச் சொன்னவர்களுக்கு ஸ்டாக்ஹோமில் மெடல்!

இங்கே நம் தோழர்கள் சிலரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. 'ஊசி மருந்தெல்லாம் பன்னாட்டுக் கம்பெனிச் சதி, முருங்கைக் கீரை போதும்' என்று மேடையில் பேசுகிறார்கள், கைதட்டலும் வாங்குகிறார்கள். முருங்கையில் இரும்பு உண்டு, மறுக்கவில்லை. பி12 எந்தக் கீரையிலும் கிடையாது. அதைச் செய்வது நுண்ணுயிர்கள். விலங்குகளின் உடம்பில் அது சேர்ந்து கறியாக, ஈரலாக, முட்டையாக, பாலாக நமக்கு வருகிறது. கம்பெனி கொள்ளையடிக்கிறான் என்றால், அரசே இலவசமாகக் கொடு என்று கேட்கணும். ஊசியை எதிர்ப்பது என்ன அரசியல்? மறுபக்கம், கரும்பு வெட்டிவிட்டு வந்த அலுப்புக்கு 'தெம்பு ஊசி' என்று அதே சிவப்பு மருந்தைக் குத்திக் காசு பிடுங்குகிறவர்கள். தேவையே இல்லாதவனுக்குக் குத்துகிறார்கள். ஆயுசுக்கும் தேவைப்படுகிறவளுக்கு நோயின் பெயர்கூடத் தெரியாது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய் வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் வேலை செய்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஏழைப் பெண்களை உட்காரவைத்துக் கேட்டவர் அவர். அது பெர்னிசியஸ் அனீமியா இல்லை, வேறு என்று கண்டுபிடித்தார். பிறகு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது அவர் தேடிய பொருள்தான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பி12 இல்லாதவளுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறிவிடும், ரிப்போர்ட் நன்றாக வரும். உள்ளே தண்டுவட நரம்பு அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. அளந்தது ஹீமோகுளோபின் மட்டும்தான். எதனால் என்று கேட்கவில்லை. பி12-ஐ அளந்த 2016-18 கணக்கெடுப்பில், வளரிளம் பருவத்தினரில் 31 சதவீதம் பேருக்கு அது குறைவு. இதில் பெரும்பாலும் சாப்பாட்டுக் குறை. பெர்னிசியஸ் எத்தனை என்பது தேடினால்தானே தெரியும்?

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் சர்க்கரை மாத்திரை வருகிறது. நல்ல காரியம். ஆனால் மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் விழுங்கினால் பி12 குறையும் என்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். அந்த மாத்திரையைக் கொண்டுவருகிற கை, பி12 பரிசோதனைக்கும் ஆளை அனுப்பணும். தேவைப்பட்டால் மாதாந்திர ஊசியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடணும். வங்கிச் சம்பளக்காரன் நான் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வேன். நடவுக்குப் போகிற என் சித்தி மாசாமாசம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஜிப்மருக்குப் பஸ் ஏறணுமா?

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெளுத்த தோல், எலுமிச்சை மஞ்சள் என்று உங்கள் புத்தகம் சொல்லும். அது வெள்ளைக்காரத் தோலைப் பார்த்து எழுதினது. நம் தோலில் விரல் முட்டி கறுக்கும், நாக்கு வழவழவென்று ஆகும். வேலை செய்த அழுக்கு என்று தாண்டிப் போகாதீர்கள். ஏப்ரல் 14 முகாமுக்கு வரும்போது ஒரு டியூனிங் ஃபோர்க் எடுத்துவாருங்கள். தட்டி, கணுக்கால் எலும்பில் வைத்து, "அதிருதா அக்கா?" என்று கேளுங்கள்.