ஊரார் வீட்டு நெய்

அமெரிக்கத் தமிழர்கள் கூடிப் பேசும் இடங்களில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு புதிய புராணம் பாடப்பெறுகிறது. இன்ன கடனட்டையை வாங்கினேன். மூன்று மாதத்தில் இத்தனை டாலர் செலவழித்தேன். வரவேற்பு போனஸாக 80,000 புள்ளிகள் வந்தன. அவற்றை இன்ன விமான நிறுவனத்தின் மைல்களாக மாற்றினேன். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்கு பிசினஸ் கிளாஸில் கால்நீட்டிப் படுத்தபடியே போய்ச் சேர்ந்தேன். 5,000 டாலர் இருக்கைக்கு நான் கொடுத்தது வரி மட்டுமே. கேட்டவர்கள் வியக்கிறார்கள். மறுநாளே அவர்களும் அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

இப்புராணம் இரண்டு சொற்களின் மேல் நிற்கிறது. ஒன்று ‘இலவசம்’. மற்றது ‘சாமர்த்தியம்’. ஒரு கவிதையில் ஒரு சொல் இடம் மாறி விழுந்தால் பத்துப் பக்கம் விவாதிக்கும் நாம், நம் அன்றாடப் பேச்சில் இவ்விரு சொற்களும் இவ்வளவு பெரிய பொய்யைச் சுமந்து திரிவதைக் கண்டும் காணாமல் இருப்பது அழகன்று. அந்த இருக்கைக்கு ஒருவர் பணம் கட்டியிருக்கிறார். அவர் யார் என்று கேட்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

பணம் நகரும் வழியைப் பார்ப்போம். புள்ளிகளை வாரி வழங்கும் உயர்வகைக் கடனட்டை ஒன்றால் அமெரிக்கக் கடையில் 100 டாலருக்குப் பொருள் வாங்குகிறோம். கடைக்காரர் கைக்கு 100 டாலரும் போய்ச் சேர்வதில்லை. இரண்டு டாலருக்கு மேல் இடைவழியிலேயே கழிகிறது. அதில் பெரும்பங்கு அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. இதற்கு இன்டர்சேஞ்ச் கட்டணம் என்று பெயர். அந்தக் கட்டணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு வங்கி, விமான நிறுவனத்திடம் மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கி நமக்குத் தருகிறது. நம் புள்ளியின் பிறப்பிடம் கடைக்காரரின் கல்லா.

கடைக்காரர் அந்த இழப்பைத் தாமே தாங்குவாரா? மாட்டார், தாங்கவும் முடியாது. விலையில் ஏற்றுகிறார். அந்த விலையோ எல்லோருக்கும் ஒன்றே. புள்ளி அட்டை நீட்டுபவரும் கசங்கிய டாலர் நோட்டை நீட்டுபவரும் ஒரே பாலுக்கு ஒரே விலை தருகிறார்கள். முன்னவருக்கு மட்டும் அந்த விலையில் ஒரு பங்கு மைல்களாகத் திரும்பி வருகிறது. சாதாரண அட்டையை ஏற்கும் கடை அதே நிறுவனத்தின் விலையுயர்ந்த அட்டையையும் மறுக்காமல் ஏற்க வேண்டும் என்ற விதி ஒன்று இதற்குக் காவல் நிற்கிறது. இந்த விதியையும் கட்டணங்களையும் எதிர்த்து அமெரிக்க வணிகர்கள் தொடுத்த வழக்கு 2005இல் தொடங்கியது.

இது ஊகமன்று. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் 2010இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கும் குடும்பம் ஒன்று, அட்டை பயன்படுத்துவோருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலர் தந்துகொண்டிருக்கிறது. அட்டைக் குடும்பம் ஒன்று 1,133 டாலர் பெறுகிறது. வருமான வாரியாகப் பார்த்தால், ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஈட்டாத குடும்பம் 21 டாலர் இழக்க, 150,000 டாலருக்கு மேல் ஈட்டும் குடும்பம் 750 டாலர் பெறுகிறது. ஏழை தருவது சிறு தொகைதானே என்று சொல்லலாம். சிறுகச் சிறுகப் பலரிடம் எடுத்துச் சிலருக்குப் பெரிதாகக் கொடுப்பதுதானே இந்த ஏற்பாட்டின் நுட்பமே! 2023இல் நடந்த கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் சுமார் 56 லட்சம் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கே கிடையாது. அவர்களுக்குப் புள்ளி என்றால் வாக்கியத்தின் இறுதியில் வைப்பது மட்டும்தான்.

அட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பெறுபவர்கள் என்றும் எண்ண வேண்டாம். புள்ளி தரும் அட்டைகளை ஆராய்ந்து ஃபெடரல் ரிசர்வ், பன்னாட்டு நிதியம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரை, ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 கோடி டாலர் கைமாறுவதாக மதிப்பிட்டது. மாறும் திசையும் தெளிவாகவே சொல்லப்பட்டது: குறைவாகப் படித்தவரிடமிருந்து அதிகம் படித்தவருக்கு, ஏழைப் பகுதிகளிலிருந்து செல்வப் பகுதிகளுக்கு, சிறுபான்மையினர் மிகுந்த பகுதிகளிலிருந்து அவர்கள் குறைந்த பகுதிகளுக்கு. மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்குப் புள்ளி. கட்ட முடியாதவருக்கு வட்டி. 2022ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கக் கடனட்டை நிறுவனங்கள் விதித்த வட்டி 10,500 கோடி டாலரைத் தாண்டியது; கட்டணங்களும் அபராதங்களும் தனியாக 2,500 கோடிக்கு மேல்.

‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. பந்தியில் தாராளமாக நெய் வார்க்கும் கையைப் புகழ்கிறோம். நெய் யார் வீட்டுக் குடத்திலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. பிசினஸ் கிளாஸ் புராணத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரை எழுத இயலாது.

இனி ‘சாமர்த்தியம்’. இந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை 1981 மே மாதம் தொடங்கியபோது, பறந்தவருக்குத்தான் மைல் கிடைத்தது. 1987இல் அது சிட்டிபேங்குடன் சேர்ந்து அட்டை வெளியிட்ட பிறகு, பறக்காமலே மைல் சேர்க்கும் வழி திறந்தது. 1999இல் கலிஃபோர்னியப் பொறியாளர் ஒருவர், உணவு நிறுவனம் ஒன்றின் விளம்பரச் சலுகையை ஊன்றிப் படித்து, 12,000க்கும் மேற்பட்ட புட்டிங் கிண்ணங்களைச் சுமார் 3,000 டாலருக்கு வாங்கி, 12 லட்சத்துக்கும் அதிகமான மைல்களைப் பெற்றார். பால் தாமஸ் ஆண்டர்சன் தம் 2002ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘பஞ்ச்-ட்ரங்க் லவ்’வில் இந்நிகழ்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டார். அங்கே ஒரு தனிமனிதர் ஒரு நிறுவனத்தின் கணக்கை அதன் சொந்த விதிகளாலேயே தோற்கடித்தார். நட்டம் நிறுவனத்துக்கு. சிரிக்கலாம், பாராட்டவும் செய்யலாம்.

அடுத்து வந்தவர்கள் அரசாங்கத்தின் மேல் கைவைத்தார்கள். ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்தில் விட விரும்பிய அமெரிக்க நாணயச் சாலை, அவற்றை முகமதிப்புக்கே விற்று, அனுப்பும் செலவையும் தானே ஏற்றது. மைல் வேட்டையர்கள் அட்டையால் பெட்டி பெட்டியாக நாணயம் வாங்கி, அப்படியே வங்கியில் கட்டி, அட்டைக் கடனைத் தீர்த்துப் புள்ளியை மட்டும் தம்மிடம் நிறுத்திக்கொண்டார்கள். 2011இல் அந்த விற்பனைக்கு அட்டை ஏற்பதை நாணயச் சாலை நிறுத்தியது. இங்கேயே நட்டம் பொதுமக்கள் தலையில் ஏறத் தொடங்கிவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய புள்ளி சேகரிப்பில் ஏமாறும் நிறுவனம் எதுவும் இல்லை. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையிறங்கி நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் கடன் வாங்க ஈடாக வைத்தது தன் மைல் திட்டத்தை. அதன் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று அந்நிறுவனமே முதலீட்டாளர்களிடம் சொன்னது. டெல்டா 2023இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து பெற்றது ஏறத்தாழ 700 கோடி டாலர். நம் புராணத்தின் நாயகர் யாரை வென்றதாகச் சொல்கிறார்? அவர் வென்றதாக நம்பும் இருவரும் அவரால் கொழுத்திருக்கிறார்கள். எடைக்கல்லும் அவர்கள் கையில்தான்: எத்தனை மைலுக்கு எந்த இருக்கை என்று அறிவிக்கும் பட்டியலை டெல்டா 2015இலும், யுனைடெட் 2019இலும் எடுத்துவிட்டன. சேர்த்து வைத்த மைல் நாளை என்ன பெறும் என்பதை விற்பவரே தீர்மானிக்கிறார். புராணம் பாடுவோரில் பலருக்கு, புதிதாக ஓர் ஆளை அட்டைக்குச் சேர்த்துவிட்டால் வங்கி தரகும் தருகிறது. இதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. சாமர்த்தியம் என்பது அதன் பெயரன்று.

மறுப்புகள் வரும். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

‘நான் மாதந்தோறும் முழுத் தொகையும் கட்டுகிறேன், யாருக்கும் கடன்படவில்லை’ என்பார்கள். நல்லது. ஆனால், முழுத் தொகை கட்டுபவருக்குப் புள்ளி தர வங்கிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இது விடையாகாது. ‘நான் எடுக்காவிட்டால் வங்கிதானே எடுத்துக்கொள்ளும்’ என்பார்கள். உண்மைதான். ஆகவேதான் தனிமனிதத் துறவை நாம் வேண்டவில்லை. அட்டையை முறித்து எறிவதால் எந்த ஏழைக்கும் பால் விலை குறையப்போவதில்லை.

வலுவான மறுப்பு ஒன்றுண்டு. முழங்கால் தேய்ந்த தாயை, இதய அறுவை முடிந்த தந்தையை, இருபது மணி நேரத்துக்கு மேல் எகானமி இருக்கையில் மடக்கி உட்காரவைத்துக் கூட்டிவர யாருக்கு மனம் வரும்? சம்பளத்தில் வாங்க முடியாத அந்தப் படுக்கையைப் புள்ளி வாங்கித் தருகிறது. இதை எள்ளி நகையாட நாம் தயாராக இல்லை. அந்தத் தாய்க்கு அந்த வசதி கிடைக்கட்டும். ஆனால் அதற்கான பணத்தில் ஒரு துளி, இரவு வேலை முடிந்து பெட்ரோல் நிலையத்தில் ரொக்கம் கொடுத்து ரொட்டி வாங்குகிற, எந்நாளும் விமானம் ஏறியிராத இன்னொரு தாயின் சுருக்குப்பையிலிருந்து வந்தது என்பதை மறக்காதிருக்க வேண்டும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் பெருமை பேசுவதுதான் நமக்கு உறுத்துகிறது.

பெருமையோடு நின்றிருந்தால்கூட இக்கட்டுரை தேவைப்பட்டிராது. அந்தப் பெருமைக்கு ஓர் அரசியல் பயன் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2003இல் கடனட்டை இன்டர்சேஞ்சைச் சராசரி சுமார் 0.55 சதவீத அளவுக்குக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கடனட்டைக்கு 0.3 சதவீதம், டெபிட் அட்டைக்கு 0.2 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது. அங்கெல்லாம் புள்ளிகள் மெலிந்தன. வானம் இடிந்து விழவில்லை. அமெரிக்காவிலும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பெரிய வங்கிகளின் டெபிட் அட்டைக் கட்டணம் குறைக்கப்பட்டது. கடனட்டை மட்டும் தப்பிவிட்டது. அதிலும் போட்டியைக் கொண்டுவரும் மசோதா 2022இலும் 2023இலும் அமெரிக்க செனட்டில் முன்வைக்கப்பட்டபோது, வங்கிகளும் விமான நிறுவனங்களும் அட்டைதாரர்களை நோக்கி எழுப்பிய முழக்கம் ஒன்றே: உங்கள் புள்ளிகள் பறிபோகப்போகின்றன!

புள்ளியின் உண்மையான வேலை இங்கேதான் வெளிப்படுகிறது. அது நம்மைப் பறக்கவைப்பதற்காக மட்டும் தரப்படவில்லை. படித்த, பேசத் தெரிந்த, மக்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஒரு வகுப்பை இந்தக் கட்டணத்தின் காவற்படையாக நிறுத்துவதற்குத் தரப்படும் கூலி அது. ஏழைக்குக் குரலில்லை; குரல் உள்ளவர் வாயில் நெய் வார்த்தாயிற்று.

கட்டணம் குறைந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார் என்று என்ன உறுதி என்ற கேள்வியில் நியாயமுண்டு. டெபிட் கட்டணம் குறைந்த பிறகு பெரும்பாலான கடைகள் விலையைக் குறைக்கவில்லை என்றே ரிச்மண்ட் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வு கண்டது. கடைக்காரர்களைப் புனிதர்களாக்க நமக்கு விருப்பமில்லை. ஆனால், தண்டியவர் திருப்பித் தரமாட்டார் என்பது தண்டலைத் தொடர்வதற்கான வாதமாகாது.

எனவே நாம் கேட்பது சிறிதுதான். புள்ளியில் பறக்கிறவர் பறக்கட்டும். ஆனால் அதை இலவசம் என்று சொல்லாதிருக்கட்டும். மாத முடிவில் கடனை முழுதும் கட்ட முடியாத இளைஞரிடம் இந்த வித்தையை உபதேசிக்காதிருக்கட்டும். தெருமுனையில் ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவரிடம் ரொக்கமோ டெபிட் அட்டையோ நீட்டட்டும். கட்டணத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, தம் புள்ளிக் கணக்கை ஒருமுறை மூடிவைத்துவிட்டு அதைப் படிக்கட்டும். அது நிறைவேறினால் பிசினஸ் கிளாஸ் படுக்கை நம் கைக்கு எட்டாமல் போகும். போகட்டும். சொந்தக் காசில் எகானமியில் உட்கார்ந்து போகிறவருக்கு முழங்கால் வலிக்கும். பயணத்துக்கான விலை முழுவதையும் தாமே கொடுத்தோம் என்று அவரால் சொல்லிக்கொள்ளவும் முடியும்.