மன்னிக்கும் உரிமை எவருடையது?

கடந்ததை மறந்து மன்னியுங்கள் என்று எம்மவரிடம் கூறுவோர் தவறாமல் தென்னாபிரிக்காவை எடுத்துக்காட்டுகின்றனர். 2023 இல் சிறிலங்கா அமைச்சர்களும் அங்கு சென்று உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவின் செயற்பாட்டை ஆராய்ந்து திரும்பினர். அங்கு நடந்தது என்ன என்பதைப் பெற்றோரும் இளையோரும் சரியாக அறிந்திருத்தல் வேண்டும்.

1996 இல் விசாரணைகளைத் தொடங்கிய அவ்வாணைக்குழு எவரையும் மன்னிக்குமாறு பணிக்கவில்லை. குற்றமிழைத்தோர் தனித்தனியே விண்ணப்பித்து, தம் செயலை முழுமையாக வெளிப்படுத்தி, அது அரசியல் நோக்குடையது என நிறுவினால் மட்டுமே வழக்கிலிருந்து விடுபடலாம். 7,000 இற்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுள் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. தமிழில் இவ்விடுவிப்பையும் 'பொதுமன்னிப்பு' என்றே அழைக்கிறோம். குழப்பம் இச்சொல்லிலேயே தொடங்குகிறது. வழக்குத் தொடராதிருப்பது அரசின் முடிவு. மன்னிப்போ இழந்தவருக்கே உரியது; அவர் பெயரால் வேறெவரும் அதை வழங்க இயலாது.

நிறவெறி அரசின் காவலில் 1977 இல் உயிரிழந்த ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் இதை நன்கு உணர்ந்திருந்தனர். நீதிமன்றை நாடும் உரிமையை அச்சட்டம் பறிக்கிறதென்று 1996 இல் அரசமைப்பு நீதிமன்றில் வழக்காடித் தோற்றனர். பிக்கோவின் சாவில் தொடர்புடைய காவற்றுறையினரின் விண்ணப்பங்களை 1999 இல் ஆணைக்குழு மறுத்தது. ஆயினும் அவர்கள் மீது வழக்கில்லை என 2003 இல் அறிவிக்கப்பட்டது. மன்னிப்புமில்லை, தண்டனையுமில்லை! ஆணைக்குழு வழக்குத்தொடுநரிடம் ஒப்படைத்த ஏறத்தாழ 300 விடயங்களுள் மிகச் சிலவே நீதிமன்றை எட்டின. அத்தாமதத்தை ஆராயவே 2025 இல் மற்றோர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

2017 இல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த அன்னையர் கேட்டது, எம் பிள்ளைகள் எங்கே என்பதையே. தென்னாபிரிக்காவில் விடுவிப்பு வேண்டியவர் முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. இலங்கையில் அதுவே இன்னும் நடைபெறவில்லை.