இரண்டரை லட்சம் வேண்டாம் என்றவர்



சென்ற மாதம் வந்த கடிதம் ஒன்றைக் கோப்பில் போட மனம் வராமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன். எழுதியவர் ஒரு தாய். மகள் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை முடித்து ஓராண்டுக்கு மேலாகிறது. பட்டமளிப்பு விழா தள்ளிக்கொண்டே போகிறது. போய்க் கேட்டால் துணைவேந்தர் இல்லை என்கிறார்களாம். "வேந்தர் யார், துணைவேந்தர் யார் என்பதெல்லாம் எங்களுக்கு எதற்கு ஐயா? பிள்ளை படித்த படிப்புக்கு ஒரு தாள் வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

அவருக்குத் தனியே பதில் எழுதிவிட்டேன். ஆனாலும் கடிதம் என்னை விடவில்லை. தமிழ்நாட்டில் துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இரண்டு தரப்பும் சட்டப் பிரிவுகளை அடுக்குகின்றன. பல்கலைக்கழகம் தன்னைத் தானே ஆளட்டும் என்று சொல்லும் குரல் மட்டும் அந்தச் சத்தத்தில் காதில் விழவே இல்லை.

ஆளுநர் வேந்தராக இருப்பது பழைய வழக்கம். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களைத் தொடங்கியபோதே வெள்ளைக்கார அரசு வேந்தர் நாற்காலியைத் தன் ஆளுக்கென்று வைத்துக்கொண்டது. அந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே ஒருவர் பல்கலைக்கழகத்தை நிமிர்ந்து நடக்க வைத்தார். கல்கத்தாவின் அசுதோஷ் முகர்ஜி. அவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவர் உயர் நீதிமன்ற நீதிபதி. இளமையில் கணித ஆராய்ச்சி செய்தவர். 1906 முதல் 1914 வரையும், பிறகு 1921 முதல் 1923 வரையும் துணைவேந்தர். அந்தக் காலத்தில் அது சம்பளமில்லாத பதவி. பகலில் நீதிமன்றம், மற்ற நேரமெல்லாம் பல்கலைக்கழகம் என்று வாழ்ந்தார்.

அவர் பொறுப்பேற்பதற்கு முன்பே வைஸ்ராய் கர்சன் பிரபு 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் பேரவையான கல்கத்தா செனட்டில் அதிகபட்சம் 100 உறுப்பினர். அதில் 80 பேர் வேந்தர் நியமிப்பவர்கள். செனட் வகுக்கும் விதிகளை அரசு திருத்தலாம், புதிதாகச் சேர்க்கவும் செய்யலாம். கோகலே போன்ற தலைவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள், சரியாகத்தான் எதிர்த்தார்கள். ஆனால் அதே சட்டத்தின் ஒரு மூலையில், பல்கலைக்கழகம் தேர்வு நடத்துவதோடு நில்லாமல் பேராசிரியர்களை நியமித்துப் பாடமும் சொல்லித் தரலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அசுதோஷ் அதைப் பிடித்துக்கொண்டார். பூட்டச் செய்த சட்டத்திலேயே அவர் ஒரு சாவியைக் கண்டெடுத்தார். முதுநிலைத் துறைகள், ஆராய்ச்சி, அறிவியல் கல்லூரி எல்லாம் அந்த ஒரு பிரிவிலிருந்து முளைத்தவை.

பணம்? அரசு கையை இறுக்கி மூடிக்கொண்டது. வழக்கறிஞர்கள் கையைத் திறந்தார்கள். 1912இல் தாரக்நாத் பாலித் நிலமும் ரொக்கமுமாக ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். மறு ஆண்டு ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். அந்தக் கொடைகளால் உருவாகும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களே அமர வேண்டும் என்பது நிபந்தனை. வழக்காடிச் சேர்த்த சொத்தை, கண்ணால் காணாத மாணவர்களுக்காக எழுதிவைத்தவர்கள் அவர்கள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இங்கேதான் நம்மூர்ப் பையன் ஒருவன் கதைக்குள் வருகிறான். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் அப்போது கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. பகலெல்லாம் அரசுக் கணக்கு. விடியற்காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடம். பாலித் பெயரிலான இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அசுதோஷ் அவரை அழைத்தார். அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. ராமன் போக மறுத்தார். அசுதோஷ் அந்த விதியைத் தளர்த்த வைத்தார். 1917இல் ராமன் ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு வேலை மாறினார். 1928இல் ராமன் விளைவு, 1930இல் நோபல் பரிசு. கோப்பு செயலகத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் ஆசிரியரை நியமிக்க முடியும் என்றிருந்தால் இது நடந்திருக்குமா? அரசின் கண்ணுக்கு அவர் ஒரு கணக்கு அதிகாரி. அவர் இயற்பியலாளர் என்பது இயற்பியலின் மதிப்பு அறிந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

ராமன் மட்டுமல்ல. பின்னாளில் இயற்பியலில் பேர் பெற்ற மேகநாத சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் முதுகலை முடித்த கையோடு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் அங்கே விரிவுரையாளர்களானார்கள். திருத்தணியில் பிறந்து சென்னையில் படித்த ராதாகிருஷ்ணனை 1921இல் மைசூரிலிருந்து தத்துவப் பேராசிரியராக அழைத்துக்கொண்டதும் அதே கல்கத்தாதான்.

அரசு பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1913இல் கே.பி. ஜயஸ்வால் உட்பட மூன்று விரிவுரையாளர்களின் நியமனத்துக்கு அரசியல் தொடர்பைக் காரணம் காட்டி அனுமதி மறுத்தது. ஜயஸ்வால் பின்னாளில் பெரிய வரலாற்றறிஞராகப் பேர் பெற்றார்.

எனக்கு மிகப் பிடித்த கட்டம் 1922. பல்கலைக்கழகம் கடனில் தத்தளித்தது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி. வங்காள அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. கூடவே ஒரு கட்டு நிபந்தனைகளும் வந்தன. டிசம்பரில் செனட் கூடியது. அசுதோஷ் எழுந்து, வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுப்போம், ஆசிரியர்கள் பட்டினியும் கிடப்பார்கள், சுதந்திரத்தைக் கொடுத்து இந்தப் பணத்தை வாங்க மாட்டோம் என்ற பொருளில் பேசினார். சம்பளம் வராத ஆசிரியர்களை வைத்துக்கொண்டு பேசிய பேச்சு அது. அடுத்த ஆண்டு வங்காள ஆளுநரும் வேந்தருமான லிட்டன் பிரபு, அரசோடு ஒத்துப்போனால் மறுபடி துணைவேந்தராக்குகிறேன் என்று எழுதினார். இது எனக்கு அவமதிப்பு, ஏற்க மாட்டேன் என்று அசுதோஷ் பதில் எழுதிவிட்டு இறங்கினார். 1924 மே மாதம் காலமானார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வரவுக்கு மிஞ்சித் துறைகளைப் பெருக்கினார், எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டார் என்று ஜதுநாத் சர்க்கார் போன்ற பெரிய அறிஞரே கண்டித்திருக்கிறார். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. மக்கள் வரிப்பணம் போகும் இடத்தில் அரசு கணக்குக் கேட்கட்டும், ஒவ்வொரு காசுக்கும் கேட்கட்டும். யார் பாடம் நடத்துவது, எதை ஆராய்வது, யாருக்குப் பட்டம் என்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம். அந்தக் கை ஆளுநர் மாளிகையிலிருந்து வந்தாலும் கோட்டையிலிருந்து வந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

நம்மிடமும் கொடுத்த கைகள் உண்டு. அண்ணாமலைச் செட்டியார் கொடையால் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தம்மிடம் இருந்ததையெல்லாம் கல்விக்கே கொடுத்தார். சிதம்பரத்தில் பின்னாளில் நிதி நெருக்கடி முற்றி, 2013இல் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அப்போது ஊழியர்களின் சம்பளத்துக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும் உண்மை. சொந்தப் பை காலியானால் சாவியும் கைமாறிவிடுகிறது. ஆகவே படித்து வெளியே போய் நன்றாக இருக்கும் நம்மிடமும் ஒரு கேள்வி இருக்கிறது: நாம் படித்த துறைக்கு, அதன் நூலகத்துக்கு, கடைசியாக எப்போது என்ன கொடுத்தோம்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாருக்கும் அஞ்சாமல் வகுப்பில் தமக்குச் சரியென்று பட்டதைச் சொன்ன ஒரு கல்லூரி ஆசிரியரையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும், கையெழுத்தில் இருந்தாலும் சரி. அடுத்த இதழில் நான்கு பக்கங்களை அதற்கென்று வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் அந்தத் தாயின் மகள் எழுதுகிறார். தன் ஆய்வு நெறியாளரைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டுவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்